விடுதியில் நெட் கிடைக்குமா? பெற்றோரும் மாணவர்களும் ஓயாமல் கேட்கும் கேள்விகள்

சென்னைக்கு வெளியே, நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் விடுதி நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முதலாண்டுப் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கும் வாரத்தில் என் மேஜைத் தொலைபேசி ஓயாது. கேட்கிறவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. சென்ற ஆண்டு அவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளும், அவற்றுக்கு என் பதில்களும் கீழே உள்ளன. பெரும்பாலானவை கல்லூரி விடுதி, தனியார் பி.ஜி. (பணம் கட்டித் தங்கும் வீடு) இரண்டுக்கும் பொருந்தும்.

"வைஃபை உண்டா?" என்று கேட்டால் "உண்டு" என்கிறார்கள். அதை நம்பிப் பணம் கட்டலாமா?

வரவேற்பறையில் ஒரே ஒரு ரவுட்டர் மாட்டியிருந்தாலும் "உண்டு"தான். ஆகவே அந்தக் கேள்வியால் பயனில்லை. மொத்தம் எத்தனை பேருக்கு எத்தனை எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை மெகாபிட் வேகம்? எந்தெந்தத் தளத்தில் ஆக்சஸ் பாயின்ட், அதாவது கூரையில் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைத் தட்டு, இருக்கிறது? இரவில் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது? இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரும் எண்ணும் சட்டென்று வந்தால் அங்கே வேலை நடக்கிறது என்று பொருள். "அதெல்லாம் நிற்காது சார்" என்று பதில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னொன்று. விடுதியைப் பார்க்க எல்லோரும் காலை பதினொரு மணிக்கு வருகிறார்கள். பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரம் அது, வைஃபை பறக்கும். அதன் உண்மை முகம் தெரிவது இரவு ஒன்பதரைக்கு, மெஸ்ஸில் சாப்பாடு முடிந்து எல்லோரும் கட்டிலில் சாய்ந்த பிறகு. முடிந்தால் அந்த நேரத்தில், பிள்ளைக்குத் தரப்போகும் அதே அறையில், கதவைச் சாத்திவிட்டு வேகத்தைச் சோதியுங்கள். பெண்கள் விடுதிக்குள் அந்நேரத்தில் போக முடியாது. அங்கே தங்கியிருக்கும் மூத்த மாணவி ஒருவரிடம் சோதித்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள்.

ஒரு மாணவனுக்கு எத்தனை எம்பிபிஎஸ் இருந்தால் போதும்?

நினைப்பதைவிடக் குறைவுதான். யூடியூபில் 720பி தரத்தில் ஒரு பாடம் பார்க்க 2.5 எம்பிபிஎஸ், 1080பி தரத்துக்கு 5. காணொளி வகுப்புக்கு ஒன்று, ஒன்றரை இருந்தாலே ஓடிவிடும். 2023 முதல் மத்திய அரசின் வரையறைப்படி 2 எம்பிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட். அதற்கு முன் 512 கேபிபிஎஸ்ஸுக்கே, அதாவது சுமார் அரை எம்பிபிஎஸ்ஸுக்கே, அந்தப் பெயர் கிடைத்துவிடும்.

எனவே மொத்த வேகத்தைத் தலையெண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 300 பேர் விடுதிக்கு 1 ஜிபிபிஎஸ் (1,000 எம்பிபிஎஸ்) இணைப்பு என்றால், 300 பேரும் ஒரே நொடியில் இழுத்தாலும் ஆளுக்கு 3.3 எம்பிபிஎஸ் வரும். எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. ஆகவே நடைமுறையில் தாராளம். 300 பேருக்கு 100 எம்பிபிஎஸ் என்று சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

வேகம் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். சோதனையில் 'பிங்' என்று மில்லிசெகண்டில் ஓர் எண் வரும்; அனுப்பியதற்குப் பதில் திரும்பி வர ஆகும் நேரம் அது. அது 20, 30 என்று நிலையாக நின்றால் நல்லது. ஒருமுறை 25, மறுமுறை 400 என்று குதித்தால், வேகம் 50 காட்டினாலும் வகுப்பில் ஆசிரியரின் குரல் அறுந்து அறுந்துதான் கேட்கும்.

100 எம்பிபிஎஸ் என்றார்கள். டவுன்லோட் செய்தால் 12தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. இணைப்பின் வேகத்தை பிட் கணக்கிலும், கோப்பின் அளவை பைட் கணக்கிலும் சொல்வது வழக்கம். எட்டு பிட் ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. உங்களுக்கு வந்திருப்பது முழு வேகம். உங்கள் தளத்தில் அன்று வேறு யாரும் இல்லை போலிருக்கிறது.

நான் இருப்பது தனியார் பி.ஜி. மாத முதலில் நன்றாக ஓடுகிறது, கடைசி மூன்று நாள் படுத்துவிடுகிறது. ஏன்?

இதற்கு விடை காகிதத்திலேயே கிடைக்கும். வீட்டு இணைப்புகளில் 'வரம்பற்றது' என்று விற்கப்படும் பல திட்டங்களுக்கு மாதம் 3,300 ஜிபி என்ற உச்சவரம்பு உண்டு. ஒரு குடும்பம் அதைத் தொடவே தொடாது. நாற்பது பேர் தங்கும் பி.ஜி.யில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 ஜிபி என்று வையுங்கள்: நாளொன்றுக்கு 120 ஜிபி. 3,300ஐ 120ஆல் வகுத்தால் இருபத்தேழரை நாள். இருபத்தெட்டாம் தேதி மதியம் வேகத்தைச் சுருக்கிவிடுவார்கள். பில் சுழற்சி ஒன்றாம் தேதி தொடங்காவிட்டால், படுக்கும் தேதியும் அதற்கேற்ப மாறும்.

வீட்டுக்கென்று செய்த ரவுட்டர் இன்னொரு சிக்கல். நாற்பது பேர் என்றால் கைபேசி, லேப்டாப் என்று எண்பது கருவிகள். அத்தனையையும் தாங்குவதற்கு அது செய்யப்படவில்லை. உரிமையாளரிடம் "வேகம் கூட்டுங்கள்" என்று கேட்டால் பணக்கணக்கு பார்ப்பார். "தளத்துக்கு ஒரு இணைப்பாகப் பிரித்துவிடுங்கள்" என்று கேளுங்கள். வரம்பும் இரட்டிப்பாகும், கூட்டமும் பாதியாகும். இரண்டு தளம் உள்ள பி.ஜி.க்கு இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியவில்லை.

கைபேசியில் தினம் 2 ஜிபி வருகிறதே. வைஃபைக்குத் தனியாக ஏன் பணம்?

வாட்ஸ்அப், யு.பி.ஐ., கொஞ்சம் பாட்டு என்றால் போதும். மேலே சொன்ன வேகத்தை மணிக்கணக்காக மாற்றிப் பாருங்கள்: 720பி காணொளி மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல், 1080பி என்றால் இரண்டே கால் ஜிபி. ஒரு மணி நேரப் பாடத்துக்குள் அன்றைய படி தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு கிடைக்கும் 64 கேபிபிஎஸ்ஸில் ஒரு புகைப்படம் திறப்பதற்குள் குளித்துவிட்டு வரலாம். 5ஜி கைபேசியும், வரம்பில்லாத 5ஜி தரும் திட்டமும், அறைக்குள்ளேயே 5ஜி சிக்னலும் மூன்றும் சேர்ந்து அமைந்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

என்.பி.டி.இ.எல். பாடங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து 2003இல் தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம் அது; காணொளிகளை இறக்கி வைத்துக்கொள்ளலாம். பகலில் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு வாரத்துக்கானதை லேப்டாப்பில் இறக்கிவிட்டால், இரவு ஒன்பதரைக் கூட்டத்தில் நீங்கள் நிற்கவே வேண்டியதில்லை.

படிவத்தில் கேட்ட மேக் முகவரியைச் சரியாகத்தான் எழுதிக் கொடுத்தேன். ஆனாலும் கைபேசி இணைய மறுக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கு மேல் வரும் புகார் இது. குற்றம் உங்கள்மேலும் இல்லை, எங்கள்மேலும் இல்லை. மேக் முகவரி என்பது ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே தரப்படும் பன்னிரண்டு எழுத்து அடையாளம். பல விடுதிகள் அதைப் பதிந்துகொண்டு, பதிந்த கருவியை மட்டும் உள்ளே விடும். ஆனால் ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 முதல் கைபேசிகள் உங்கள் தனியுரிமைக்காக ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைச் சொல்கின்றன. 'அபவுட் போன்' பக்கத்தைப் பார்த்து நீங்கள் எழுதியது நிஜ முகவரி. வாசலில் கைபேசி சொன்னது வேறு. காவலாளி விடமாட்டார்.

அமைப்புகளில் விடுதி வைஃபையின் பெயரைத் தொட்டு உள்ளே போங்கள். ஆண்ட்ராய்டில் 'பிரைவசி' என்ற இடத்தில் கருவியின் சொந்த மேக்கைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்பதை நிறுத்துங்கள். இந்த ஒரு வைஃபைக்கு மட்டும் மாற்றினால் போதும். ரயில் நிலையத்திலும் கடையிலும் பொய் முகவரியே இருக்கட்டும், அது நல்லதுதான்.

இணைந்துவிட்டது என்கிறது. ஆனால் லாகின் பக்கம் வரவே இல்லை.

மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்ற இடத்தில் விளம்பரத் தடுப்புக்காக ஏதேனும் பெயர் கொடுத்திருந்தால் அதை நீக்குங்கள். வி.பி.என். செயலி (நீங்கள் பார்ப்பதை மறைத்து வேறொரு கணினி வழியாக அனுப்புவது) ஓடினால் மூடுங்கள். பிறகு அந்த வைஃபையை 'மறந்துவிடு' என்று சொல்லி மீண்டும் இணையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வராவிட்டால் என்னிடம் வாருங்கள். வரும்போது கைபேசியையும் கொண்டுவாருங்கள்; நேரில் பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும்.

கோடு முழுதாகக் காட்டுகிறது. எதுவுமே திறக்கவில்லை. எப்படி?

அந்தக் கோடு உங்கள் கைபேசிக்கும் கூரைத் தட்டுக்கும் நடுவே உள்ள சிக்னலின் வலுவைச் சொல்கிறது. தட்டுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பஸ் நிறுத்தம் வீட்டு வாசலில் இருக்கிறது என்பதால் பஸ்ஸில் இடம் இருக்கும் என்று சொல்ல முடியுமா?

கோடே குறைவு என்றால் கதை வேறு. வைஃபைக்குப் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள். 5 வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 சுவரைத் தாண்டும். ஆனால் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அதில் மூன்றுதான் (1, 6, 11). உங்கள் தளத்தில் இருபது பேர் ஹாட்ஸ்பாட் போட்டிருந்தால் அந்த மூன்று தடத்திலும் திருவிழாக் கூட்டம். "வைஃபை மோசம், அதனால் ஹாட்ஸ்பாட் போடுகிறேன்" என்று ஒவ்வொருவரும் சொல்லிச் சொல்லியே வைஃபை இன்னும் மோசமாகிறது. இரும்பு அலமாரியின் மறைவில் படிப்பு மேஜையைப் போடாதீர்கள். சுவரில் கேபிள் துவாரம் இருந்தால் ஒரு லேன் கேபிள் வாங்கிச் செருகிவிடுங்கள். லேப்டாப்பில் துவாரம் இல்லாவிட்டால் யு.எஸ்.பி. அடாப்டர் கிடைக்கிறது. வைஃபைக் கவலை அத்தோடு தீர்ந்தது.

அப்படியென்றால் அந்தத் துவாரத்தில் நானே ஒரு ரவுட்டர் செருகிக்கொள்ளலாமா?

கூடாது. ஏன் என்று ஒரு கதையாகவே சொல்கிறேன். ஒரு நவம்பர் மாலை, செமஸ்டர் தேர்வுக்கு நான்கு நாள் முன்னால், இரண்டாம் தளம் முழுக்க நெட் நின்றுவிட்டது. கேபிள் சரி, அந்தத் தளத்துக் கேபிள்களையெல்லாம் சேர்க்கும் சுவிட்ச் என்ற பெட்டியும் சரி. ஒரு மாணவனின் லேப்டாப்பை வாங்கிப் பார்த்தேன். இணையும் கருவிகளுக்கு எங்கள் நெட்வொர்க் தரும் ஐ.பி. முகவரிகள் (மேக் முகவரி வேறு) எல்லாம் 10 என்று தொடங்கும். அவனுக்கு வந்திருந்தது 192.168.0 என்று தொடங்கியது. எங்கோ ஒரு வீட்டு ரவுட்டர் எங்களுக்கு முந்திக்கொண்டு தளம் முழுவதற்கும் முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது.

அறை அறையாகப் போனோம். முப்பத்தொன்றாவது கதவில், அலமாரிக்குப் பின்னால், விளக்கு வெளியே தெரியாமலிருக்க ஈரத் துண்டால் சுற்றிய ஒரு வெள்ளை ரவுட்டர். வேன் (WAN, வெளி இணைப்பு) துவாரத்தில் செருக வேண்டிய கேபிளை லேன் (LAN, உள் இணைப்பு) துவாரத்தில் செருகியிருந்தான். அவ்வளவுதான் தவறு, எண்பது பேருக்கு மூன்று மணி நேரம் போனது. ஈரத் துண்டைப் பார்த்து எனக்கு வந்த பயம் வேறு. அதற்குப் பிறகு ஒரே முகவரி ஊற்றை மட்டும் அனுமதிக்கும்படி சுவிட்சுகளை மாற்றி அமைத்துவிட்டோம். பல விடுதிகளில் இன்னும் அப்படி இருக்காது.

கரண்ட் போனது, ஜெனரேட்டர் வந்தது, ஃபேன் சுற்றுகிறது. நெட் மட்டும் ஏன் இல்லை?

உங்கள் அறை ஜெனரேட்டரில் இருக்கிறது. தளத்தின் சுவிட்ச் வேறு பெட்டியில், வேறு இணைப்பில் இருக்கலாம். அதற்கு யு.பி.எஸ். இல்லையென்றால் கரண்ட் போய்வரும் ஒவ்வொரு முறையும் அணைந்து எழும். எழுந்து நிற்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அழையுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகலில் நிறுத்தும் நாளைச் செய்தித்தாளில் முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். அன்று வகுப்பு இருந்தால் லேப்டாப்பை முந்தைய இரவே சார்ஜ் செய்துவிடுங்கள்.

ரூம்மேட்டின் பாஸ்வேர்டில் நான் நுழைந்துகொண்டால் என்ன தவறு? அவனே கொடுத்தான்.

அவன் பெயரில் நீங்கள் செய்வதெல்லாம் அவன் செய்ததாகவே எங்கள் பதிவேட்டில் ஏறும். நாளைக்கு யாரோ ஒருவருக்கு மிரட்டல் மின்னஞ்சல் போனது என்று காவல்துறை வந்து கேட்டால் நான் காட்டுவது அவன் பெயரைத்தான். கொடுத்தவனுக்கான எச்சரிக்கை இது.

அவனுக்குத் தெரியாமல் எடுத்து மோசடியாகப் பயன்படுத்தினால் அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு: மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒருவர் பெயரில் இத்தனை கருவிதான் என்ற வரம்பு போதவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். மூன்றாவது கருவியைச் சேர்த்துத் தர எங்களுக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

நான் என்ன பார்க்கிறேன் என்று வார்டனுக்குத் தெரியுமா? வி.பி.என். போட்டுக்கொண்டால்?

வார்டனுக்குத் தெரியாது. நெட்வொர்க்கைப் பார்ப்பவருக்கு, நீங்கள் எந்த இணையதளத்துக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு இழுத்தீர்கள் என்பது தெரியக்கூடும். பூட்டிய (https என்று தொடங்கும்) இணையதளத்துக்குள் என்ன படித்தீர்கள், என்ன தட்டச்சு செய்தீர்கள், வாட்ஸ்அப்பில் என்ன பேசினீர்கள் என்பது தெரியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 'இந்தச் சான்றிதழை நிறுவினால்தான் நெட் வரும்' என்று எந்த விடுதியாவது சொன்னால், எதற்கு என்று கேட்காமல் நிறுவாதீர்கள். பூட்டைத் திறந்து பார்க்கும் சாவி அதுவாக இருக்கலாம்.

வி.பி.என். பயன்படுத்துவது இந்தியாவில் பொதுவாகக் குற்றமில்லை. விடுதி விதி அதைத் தடுத்திருந்தால் விதிமீறல், அவ்வளவே. ஆனால் இலவச வி.பி.என். என்றால், எங்களிடமிருந்து மறைத்ததை முகம் தெரியாத ஒருவரிடம் கொடுக்கிறீர்கள். என்னையாவது கேன்டீனில் பார்த்துச் சண்டை போடலாம்.

இரவு 11 மணிக்கு நெட்டை நிறுத்துகிறார்கள். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?

புதிய பழக்கம் அல்ல. 2007இல் மும்பை ஐ.ஐ.டி.யே விடுதி அறைகளில் இரவு இணையத்தை நிறுத்தியது; பிள்ளைகள் விடிய விடிய விளையாடிவிட்டுக் காலை வகுப்புக்கு வருவதில்லை என்று காரணம் சொன்னார்கள்.

நீதிமன்றத்துக்குப் போன வழக்கு கேரளத்தில் நடந்தது. கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை கைபேசி கூடாது என்றார்கள். ஏற்க மறுத்த பி.ஏ. மாணவி ஃபஹீமா ஷிரின் விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் தனியுரிமையிலும் அடங்கும் என்று கூறி, அவரை மீண்டும் விடுதியில் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. பிற மாணவியருக்கு இடைஞ்சல் கூடாது என்றும் சொன்னது.

இதை எடுத்துக்கொண்டு வார்டனிடம் ஓடுவதற்கு முன் இரண்டு செய்திகள். அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, மேற்கோள் காட்டலாம். மேலும், உங்கள் சொந்தக் கைபேசியைப் பிடுங்குவது பற்றிய வழக்கு அது; விடுதி தன் வைஃபையை 24 மணி நேரமும் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்று அதில் இல்லை. என் சொந்தக் கருத்து: தேர்வு மாதங்களில் மட்டுமாவது நிறுத்தக் கூடாது. கையெழுத்து வாங்கி மனுவாகக் கொடுத்தால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். எங்கள் விடுதியில் அப்படித்தான் ஒரு மணி வரை நீண்டது.

நாளைக் காலை கேம்பஸ் தேர்வு, அறையில் இருந்தே எழுத வேண்டும். நடுவில் நெட் போய்விட்டால் என் வேலை போய்விடுமே!

இந்தக் கவலை மட்டும் முழுக்க நியாயமானது. முதல் வேலை, கேபிளில் எழுதுங்கள். லேப்டாப்பின் தானியங்கிப் புதுப்பிப்பை முந்தைய நாளே முடித்துவிடுங்கள். சரியாகத் தேர்வு நடுவில்தான் அது விழித்துக்கொள்ளும். கைபேசி ஹாட்ஸ்பாட்டை லேப்டாப்போடு ஒருமுறை இணைத்துப் பழக்கி வையுங்கள். அன்றைய டேட்டாவைக் காலையில் ரீல்ஸ் பார்த்துத் தீர்த்துவிடாதீர்கள். நடுவில் இணைப்பை மாற்றினால் சில தேர்வு மென்பொருள்கள் அதைக் குறித்துக்கொள்ளும். எனவே நிஜமாகவே நின்றால் மட்டும் மாறுங்கள்.

எங்களுக்கு முந்தைய நாளே ஒரு வரி எழுதிப் போடுங்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் அந்த நேரத்தில் எந்தப் பராமரிப்பையும் வைக்கமாட்டோம். அப்படியும் நின்றுவிட்டால், நேரம் தெரியும்படி திரையைப் படமெடுத்து வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அப்போதே அனுப்புங்கள். நெட்வொர்க் நின்ற நேரம் எங்கள் பதிவேட்டிலும் இருக்கும். இரண்டும் பொருந்தினால் மறுவாய்ப்புக் கேட்க ஆதாரம் கிடைக்கும். மாலையில் வந்து "காலையில் நெட் இல்லை சார்" என்றால் எதையும் காட்ட முடியாது.

சார், என் பையன் போனை எடுப்பதே இல்லை. கேட்டால் விடுதிக்குள் டவர் இல்லை என்கிறான். உண்மையா?

உண்மையாக இருக்கலாம். கான்கிரீட் கட்டடத்தின் உள்ளறைகளில் சிக்னல் சுருங்கும். அதற்கு வழி 'வைஃபை காலிங்': டவர் இல்லாவிட்டாலும் சாதாரண அழைப்பே வைஃபை வழியாக வரும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் அதைத் தொடங்கிவிட்டன. தனிக் கட்டணம் இல்லை. கைபேசி அமைப்பில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும்.

வாட்ஸ்அப்பில் ஒரு டிக் என்றால் செய்தி அவன் கைபேசிக்குப் போகவில்லை, நெட் இல்லாமலிருக்கலாம். இரண்டு டிக் விழுந்தும் பதில் இல்லை என்றால் என் பக்கம் கோளாறு இல்லை. ஒரு தந்தை, மகன் இரவு எத்தனை மணி வரை இணையத்தில் இருந்தான் என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும்படி வற்புறுத்தினார். அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்று மறுத்துவிட்டேன், கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். மறுநாள் மாலை அந்தப் பையனே கைபேசியோடு வந்து நின்றான். "வைஃபை காலிங் எங்கே சார் இருக்கிறது? அப்பா கேட்கச் சொன்னார்."